காணாமல் போனவரின் குடும்பத்திடம் அற்புதக் கேள்வி கேட்கலாமா?

பயிற்சிப்பிள்ளை:
வணக்கம். முல்லைத்தீவுப் பக்கம் தீர்வை மையமாகக் கொண்ட உளவளத்துணை பழகுகிறேன். இரவு நித்திரையில் ஓர் அற்புதம் நடந்து பிரச்சினை எல்லாம் தீர்ந்துவிட்டால் காலையில் எதை வைத்து அதைக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்கச் சொல்லித் தந்தார்கள். 2009 முதல் கணவரைத் தேடுகிற அம்மாவிடம் இதைக் கேட்டால் "அவர் வாசலில் நிற்பார்" என்றுதானே சொல்லுவா? அப்புறம் நான் என்ன சொல்ல? இன்னொன்று, பிரச்சினையைக் கிண்டாத முறை என்றால் குடும்பம், அயல், கடன் எல்லாம் எதற்கு விசாரிக்க வேண்டும்?

கிளிநொச்சி அக்கா:
தங்கச்சி, முதல் சந்திப்பில் அதைத் தொடாதே. இன்சூ கிம் பெர்க், ஸ்டீவ் டி ஷேசர் இருவரும் அமெரிக்காவின் மில்வாக்கியில் வளர்த்த இந்த முறையில் அது ஒரு கேள்வி மட்டும்தான். "இவ்வளவுக்குள்ளும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புறீங்களே, எப்படியம்மா முடியுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. அழுதாலும் இரு. கோழி வளர்ப்பதும் பக்கத்து வீட்டு ஆச்சி பிள்ளைகளைப் பார்ப்பதும் அவ சொல்லும் பதிலுக்குள்தான் வரும். அவ தேடுவதைக் கைவிட வைப்பது உன் வேலை இல்லை.

வவுனியாத் தம்பி:
அக்கா சொல்வதில் பாதிதான் எனக்குச் சரி. கணவர் வந்தால் வீட்டில் என்ன மாறும் என்று மெதுவாகக் கேட்கலாம், "நிம்மதியாச் சாப்பிடுவன்" என்றால், கொஞ்சமாவது அப்படிச் சாப்பிட்ட நாள் உண்டா, அன்றைக்கு யார் கூட இருந்தார்கள் என்று போகலாம். ஆனால் அவ தயாரா என்று பார்த்துத்தான்.

ஓய்வுபெற்ற சமூக சேவை:
இரண்டாவது கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே! அமெரிக்கச் சமூகப் பணியாளர் ஆன் ஹார்ட்மன் 1975இல் உருவாக்கிய சூழல் வரைபடத்தைப் பாருங்கள். நடுவில் வீட்டை ஒரு வட்டமாக வரைந்து, சுற்றிவரத் தாய்வீடு, கோயில், மாதர் சங்கம், கிராம சேவையாளர், நுண்கடன்காரர் என்று அவவையே போடச் சொல்லுங்கள். பலமான உறவுக்குத் தடித்த கோடு, மெலிந்ததற்குப் புள்ளிக்கோடு, நெருக்கடி தருவதற்கு வளைந்து நெளிந்த கோடு. ஒரே ஆளுக்குத் தடித்த கோடும் நெளிந்த கோடும் வரலாம், அரிசி தருகிற தமையனே வெளியே போகவும் விடமாட்டார். பலத்தைத் தேடுவது என்றால் அவவின் மனவுறுதியை மட்டும் புகழ்வதில்லை, கோடுகளிலும்தான் பலம் இருக்கிறது. கடன்காரர் கிழமைக்குக் கிழமை படலையில் நிற்கும்போது "பூச்சியத்திலிருந்து பத்துக்குள் உங்கள் மனம் எங்கே" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கே கோபம் வரும், அவவோடு சேர்ந்து பிரதேச செயலகத்துக்கும் போய் வாருங்கள்.

பயிற்சிப்பிள்ளை:
நன்றி ஐயா. வீட்டில் வைத்தே வரையலாமா?

ஓய்வுபெற்ற சமூக சேவை:
மாமியார் இல்லாத நேரம் என்றால் சரி. தாளை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.