புதுப்பிப்பு: பல்குச்சி போல மரத்தூள் தள்ளும் வண்டு

கிளைத் துளைகளில் பல்குச்சி போல மரத்தூள் நீட்டிக்கொண்டிருக்கும் படத்தைப் போட்டு, என்ன வண்டு என்று கேட்டிருந்தேன். கிளையைப் பிளந்து நுண்ணோக்கியில் பார்த்தாயிற்று.

பிளாட்டிபஸ் (இதுவும் மரந்துளைக்கும் வண்டுப் பேரினம்) என்றார்கள் சிலர். அதற்குப் பாதத்தின் முதல் கணு, மற்ற கணுக்கள் சேர்ந்த நீளத்தைவிட நீளமாக இருக்கும், இதில் அப்படியில்லை. முன்னங்கால்கள் உடலோடு சேரும் அடிக்கணுக்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகியிருக்கின்றன (சைலெபோரஸ் என்ற இன்னொரு மரந்துளைக்கும் வண்டுப் பேரினத்தில் தொடும்). முன்மார்பின் பின்விளிம்பு நடுவில் மயிர்க்கற்றை. வண்டு தன் உணவுக்கான பூஞ்சையைச் சுமக்கும் பை அதனடியில்தான். ஆகவே சைலோசாண்ட்ரஸ் பேரினம்.

நீளம் 2.5 மி.மீ., செம்பழுப்பு, சிறகுறையின் (கெட்டியான மேலிறக்கையின்) பின்சரிவு பளபளப்பில்லாமல் பொடிமணிகள் அடர்ந்தது: ஆகவே இனம் கிராசியஸ்குலஸ். அதே பேரினத்தின் காம்பாக்டஸ் இனம் என்றால் கறுப்பு, 2 மி.மீ.க்குள், சரிவு மின்னும்.

ஆண் சிக்கவில்லை, பரவாயில்லை. அது பறக்காது, அபூர்வம். இனங்காணும் குறிப்புகள் பெரும்பாலும் பெண்ணை வைத்தே. யூவாலேசியா பேரினம் என்றிருந்தால்தான் தலைவலி, அதில் சில இனங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் டிஎன்ஏ வரை போகவேண்டியிருக்கும்.