70-ஐத் தாண்டினா ‘ஊங்ங்’, திரும்பினா ‘டக் டக்’: உங்க காரில் கேட்ட சத்தங்கள்

திருச்சி_டீசல்

வண்டி வேகம் 70-ஐத் தொட்டதும் ‘ஊங்ங்’னு இரைச்சல் எழும்பும். 90-ல பக்கத்து சீட்ல இருக்கறவங்ககிட்ட கத்தித்தான் பேசணும். கடையில அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் பண்ணினாங்க. அப்புறம் “டயர் முடிஞ்சிருச்சு சார்”னு நாலையும் மாத்த வச்சாங்க. இரைச்சல் இம்மி குறையல.

சென்னையிலிருந்து திரும்பறப்ப உளுந்தூர்பேட்டை தாண்டி முன்னாடி ஒரு கரும்பு லாரி. ஓவர்டேக் பண்ண ஸ்டியரிங்கை வலது பக்கம் லேசா ஒடிச்சேன், இரைச்சல் குப்புனு ஏறிச்சு. லாரியைத் தாண்டி இடது பக்கம் வந்தேன், அப்படியே அடங்கிடுச்சு. ரோடு காலியா இருந்த இடத்துல மறுபடி மறுபடி செஞ்சு பார்த்தேன், அதேதான். வலது பக்கம் திரும்பினா வெயிட் இடது சக்கரத்து மேல விழும். அப்ப கத்துதுன்னா இடது வீல் பேரிங், அதாவது சக்கரத்தைச் சுழல விடற குண்டு வளையம்.

வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்டுத் தூக்கி, ஒரு கையை காயில் ஸ்பிரிங் மேல வச்சுக்கிட்டு இன்னொரு கையால சக்கரத்தைச் சுத்தினேன். வலது பக்கம் ஒண்ணுமே தெரியல. இடது பக்கம், மணல் அரைபடற மாதிரி ஒரு நறநறப்பு கம்பி வழியா உள்ளங்கையில ஏறுது. காதுக்கு ஒண்ணும் கேக்கல, கைக்குத்தான் தெரிஞ்சுது. பேரிங் மாத்தினதும் சத்தம் சுத்தமா நின்னுபோச்சு. நல்லா இருந்த நாலு டயரைக் கழட்டிப் போட்டதை நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

கோவை_ஹேட்ச்பேக்

திருச்சி சார், உங்க வண்டிக்கு அது சரி. ஆனா வலது திரும்பறப்ப கத்தினா இடது பேரிங்தான்னு சட்டமா எழுதாதீங்க. இப்ப வர்ற ஹப் பேரிங்ல ரெண்டு வரிசை பால் இருக்கு. எந்த வரிசை தேஞ்சிருக்குங்கறதைப் பொறுத்து எதிர்ப்பக்கம் திரும்பறப்பவும் கத்தும். கையை ஸ்பிரிங்ல வச்சுப் பார்த்தீங்க பாருங்க, அதுதான் நம்பகமான சோதனை.

எனக்கு நேர்மாறா நடந்துச்சு. மெக்கானிக் பின் பேரிங் ரெண்டையும் மாத்திட்டார், இரைச்சல் அப்படியே இருந்துச்சு. சேலம் ரோட்டுல புதுசா தார் போட்ட இடம் வந்ததும் சத்தம் சட்டுனு அமுங்கிச்சு, பழைய சொரசொரப்பு ரோடு வந்ததும் திரும்ப எழும்பிச்சு. பேரிங்குக்கு ரோடு எதுவா இருந்தா என்ன? டயருக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். நிறுத்திட்டு பின் டயர் பட்டன்கள் (ரோட்டுல படற ரப்பர் கட்டங்கள்) மேல உள்ளங்கையைத் தடவினேன். ஒரு பக்கமாத் தடவினா வழுவழுனு போகுது, எதிர்ப்பக்கம் தடவினா ஒவ்வொரு பட்டனும் கையைப் பிடிக்குது, அதாவது பட்டன்கள் சாய்வா தேஞ்சிருக்கு. பின் டயரை முன்னாடி மாத்திப் போட்டோம், சத்தமும் முன்னாடி வந்துச்சு. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

நாமக்கல்_வீல்

கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவு. காரவள்ளி தாண்டி ஏற ஆரம்பிச்சதும் ஒவ்வொரு வளைவுலயும் ஸ்டியரிங் முழுசா ஒடிச்சா ‘டக் டக் டக்’, நேராக்கினா அமைதி. பின்னாடி உட்கார்ந்திருந்த அம்மா “யாருப்பா வெளியிலேர்ந்து தட்டறது?”னு கேட்டாங்க. வியூ பாயின்ட்ல இறங்கிக் குனிஞ்சு பார்த்தா, ரிம்மோட உள்பக்கம் முழுக்கக் கறுப்பு கிரீஸ் தெறிச்சு அப்பிக் கிடக்கு. ஆக்சில் மூட்டை மூடியிருக்கற ரப்பர் பூட் கிழிஞ்சு, கிரீஸ் வெளிய போய், தூசி உள்ள போயிருக்கு. அந்த மூட்டு, சிவி ஜாயின்ட், காலி. அதுக்கு முந்தின மாசம்தான் சர்வீஸ் விட்டு எடுத்தது. பூட்டை அப்பவே பார்த்திருந்தா ரப்பர் உறையோட முடிஞ்சிருக்கும்.

ஓய்வுபெற்ற_ஓட்டுநர்

எனக்கு நேர்ந்தது சின்ன விஷயம். செங்கல்பட்டு பக்கம் சாலை வேலை நடந்த இடத்தைக் கடந்ததும் முன் சக்கரத்திலிருந்து ‘க்ரீஈஈச்’ என்று ஊரே திரும்பிப் பார்க்கும் சத்தம். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் தகட்டுக்கும் நடுவில் ஒரு பொடிக் கல். ரிவர்ஸில் கொஞ்சம் எடுத்ததும் விழுந்துவிட்டது.

எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டறைக்குப் போய் “ஏதோ சத்தம் வருது” என்று மட்டும் சொல்லாதீர்கள். சத்தம் பாடி முழுக்கப் பரவும். முன்னால் உண்டாவது பின்னால் கேட்கும். எங்கே என்பதைவிட எப்போது என்று சொன்னால்தான் மெக்கானிக்குக்குப் பிடி கிடைக்கும். சமதளமான, ஆளில்லாத சாலையில் சத்தம் வரும் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். இன்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள், ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துப்போகும். நியூட்ரலிலும் சத்தம் தொடர்ந்தால் சக்கரப் பக்கம் தேடலாம். இன்ஜின் சுற்றோடு சேர்ந்து அடங்கினால் இன்ஜின் பக்கம். சின்னப் பள்ளத்தில் மெதுவாக இறங்கும்போது ‘கட கட’ என்றால் முதலில் சஸ்பென்ஷனில் உள்ள சின்ன இணைப்புக் கம்பியான லிங்க் ராடைப் பார்க்கச் சொல்லுங்கள். ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டும் என்பார்கள், அவசரப்பட வேண்டாம். காலையில் இன்ஜின் பெல்ட் கீச்சிட்டால், ஓடும்போதே எட்ட நின்று கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்; கையோ துணியோ கிட்டே போகக் கூடாது. சத்தம் அடங்கித் திரும்ப வந்தால் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி நேராக இல்லை. தண்ணீர் பட்டதும் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரைப் பார்க்க வேண்டும். நின்றிருக்கும்போது அடியில் தகரம் அதிர்ந்தால் பெரும்பாலும் சைலன்சர் மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகடு, ஒரு கிளாம்ப் போதும். பிரேக் மட்டும் கீச்சென்றால் தள்ளிப்போடாதீர்கள். பேட் தேய்ந்ததைச் சொல்லவே சில வண்டிகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள், அது டிஸ்க்கில் உரசும் சத்தமாக இருக்கலாம்.

மதுரை_பெட்ரோல்

ஐயா, எல்லாம் சரிங்க. ஆனா என் வண்டிக்கு நியூட்ரல் சோதனை எதுவும் உதவாது. ராத்திரி முழுக்க நின்னுட்டு காலையில முதல் ஸ்டார்ட்ல மட்டும் ‘கர்ர்ர்’னு கொஞ்ச நேரம், அப்புறம் நாள் முழுக்க சத்தமே வராது. பட்டறைக்கு ஓட்டிட்டுப் போறதுக்குள்ள வண்டி சூடாகிடும். “நல்லாத்தானே இருக்கு, உங்க மனப்பிரமை”ன்னு ஒரு இடத்துல சொல்லியே அனுப்பிட்டாங்க. போன்ல பதிவு பண்ணிப் போட்டுக் காட்டினேன், காதுல வாங்கல.

அடுத்த இடத்துல முதல் நாள் சாயங்காலமே வண்டியை விட்டுட்டு, சாவியைக் கையிலயே வச்சுக்கிட்டேன். காலையில நானே போய், “அண்ணே, பானெட்டைத் திறந்து பக்கத்துல நில்லுங்க”ன்னு சொல்லிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணினேன். அவர் நீள ஸ்க்ரூடிரைவரோட பிடியைக் காதுல வச்சு, முனையை இன்ஜின் ஓரத்துல ஊன்றி நின்னார். சத்தம் அடங்கறதுக்கு முன்னாடியே தலையாட்டிட்டார். இன்ஜினுக்குள்ள ஓடற டைமிங் செயினோட டென்ஷனர். அது ஆயில் பிரஷர்லதான் செயினை இறுக்கிப் பிடிக்கும். ராத்திரி ஆயில் கீழ இறங்கிடும், திரும்ப ஏறற வரைக்கும் செயின் தளர்ந்து அடிக்கும். ஆயில் அளவைக் குச்சியில பார்த்தார், சரியா இருந்துச்சு. டென்ஷனரை மாத்தினார், மறுநாள் காலையில சத்தம் இல்ல. மனப்பிரமைன்னு சொன்ன இடத்துக்கு வண்டியை விடறதை அதோட நிறுத்திட்டேன்.