மே 1 கிராம சபைல ஊருக்கு ஒழைச்சவங்களுக்கு மரியாதை செய்யப் போறோம், யாருக்கு எப்படி செய்றதுன்னு யோசனை சொல்லுங்க

சாரல்காத்து (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு தென்காசி பக்கம். ஊர்ல இளைஞர் மன்றம்னு ஒண்ணு இருக்கு, பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி நடத்துவோம், கிரிக்கெட் டோர்னமெண்ட் நடத்துவோம், அதத் தாண்டி பெருசா எதுவும் செஞ்சதில்ல. இந்த வருஷம் மே 1 கிராம சபை முடிஞ்ச கையோட ஊருக்கு ஒழைச்ச நாலு பேர மேடையேத்தி மரியாதை செய்யலாம்னு முடிவு பண்ணிருக்கோம். பொதுச்சேவை, தொழிலாளர், கல்வி, அப்புறம் சோலார் காத்தாலை மாதிரி சுத்தமான மின்சாரம், இப்படி நாலு பிரிவு.

மொத மூணுக்கு ஆள் இருக்கு. பொதுச்சேவைக்கு எங்க தண்ணி டேங்க் ஆபரேட்டர் அண்ணாச்சி. கோடையில த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி எத்தன மணிக்கு வருதோ அத்தன மணிக்கு எந்திரிச்சுப் போய் மோட்டார் போட்டு, விடிஞ்சதும் தெருத்தெருவா வால்வு திறந்து விடுவாரு, மேலத்தெருவுக்கு அஞ்சு நிமிஷம் கொறைஞ்சா ஏச்சு, கீழத்தெருவுக்கு கொறைஞ்சா அங்க ஒரு ஏச்சு, எல்லாத்தயும் வாங்கிக்கிட்டு மறுநாளும் போவாரு. தொழிலாளர்ல பீடி சுத்துற ஒரு அக்கா. சுத்திக் குடுத்த பீடிய கடையில கழிவுன்னு சொல்லி கட்டு கட்டா ஒதுக்குறத தட்டிக் கேட்டு, எங்க தெருப் பொம்பளைங்க நெறைய பேருக்கு பிஎஃப் பணம் வாங்கிக் குடுத்தவங்க. கல்விக்கு இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலரா இருந்த பொண்ணு, அதுக்கப்புறமும் சாயங்காலம் திண்ணையில பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குது.

நாலாவதுலதான் சிக்கல். ஊரச் சுத்தி காத்தாடியா நிக்குது, ஆனா யாரக் கூப்பிடன்னு தெரியல. ஒரு காத்தாலைக் கம்பெனில எங்க மேனேஜருக்கு அந்த விருதக் குடுங்க, விழாச் செலவு பூரா நாங்க பாத்துக்கிடுதோம்னு சொல்றாங்க. மன்றத்துல பாதிப்பேரு வாங்கிக்கிடுவோம்ங்கான், பாதிப்பேரு வேண்டாம்ங்கான். அது போக பொன்னாடை, ஷீல்டுக்கு மேல உருப்படியா என்ன செய்யலாம்? பெரியவங்க சொல்லுங்க.

கொங்குநாட்டான்

தம்பி, நல்ல காரியம் பண்றீங்க. முதல்ல அந்தக் கம்பெனிக் காசு வேண்டாம்ங்க. மேனேஜர் நல்லவராவே இருக்கட்டும், அவர் பார்க்கறது சம்பளத்துக்கு வேலை, நீங்க மரியாதை பண்றது ஊருக்குன்னு ஒழைச்சவங்களுக்கு. காசு குடுத்தவருக்கு விருதுன்னு ஆயிட்டா பக்கத்துல நிக்கற டேங்க் ஆபரேட்டருக்கும் அந்த பீடி அம்மாவுக்கும் குடுக்கற மரியாதையும் சேர்ந்து போயிரும்.

எங்க பக்கம் மேட்டுப்பாளையத்துகிட்ட ஓடந்துறைன்னு ஒரு ஊராட்சி இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. சண்முகம்னு ஒருத்தர் 1996ல தலைவரா வந்தாரு, பத்து வருஷம் இருந்தாரு, அடுத்து அவங்க சம்சாரம் லிங்கம்மாள் தலைவரா இருந்தாங்க. குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் வர்ற கரண்ட் பில்லுதான் ஊராட்சிப் பணத்தைத் தின்னுட்டு இருந்துச்சு, அங்கிருந்துதான் அவரு ஆரம்பிச்சாரு. 2003ல மரக்கழிவை எரிச்சு அந்த கேஸ்ல மோட்டார் ஓட்டற மிஷின் வெச்சாங்க. அப்புறம் 2006ல ஊராட்சி பேர்லயே 350 கிலோவாட் காத்தாலை ஒண்ணு வாங்கினாங்க. 1 கோடியே 55 லட்சம் ஆச்சு, அதுல 40 லட்சம் ஊராட்சி சேர்த்து வெச்ச பணம், மீதி பேங்க் கடன். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா காத்தாலை ஓடந்துறையில இல்லீங்க, காத்து நல்லா அடிக்கிற உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில நிக்குது. அங்க உற்பத்தியாகற கரண்ட் மின்வாரிய லைனுக்குப் போகுது, ஊராட்சிக்குத் தேவையானது போக மிச்சத்தை வாரியத்துக்கு வித்து அந்த வருமானத்துல கடனைக் கட்டினாங்க. காத்தாலை வெச்சவங்க ஆயிரம் பேர் இருக்காங்க, ஊருக்குன்னு வெச்சவங்க எத்தனை பேரு? நான் அவரை மதிக்கிறது அதுக்குத்தான்.

அதனால உங்க நாலாவது ஆளை காத்தாடிக்கு அடியில தேடாதீங்க. தெருவிளக்கு பூரா எல்இடியா மாத்த அலைஞ்ச வார்டு மெம்பர் இருக்காரா? பள்ளிக்கூட மாடியில சோலார் போட மனு மேல மனு போட்ட ஹெச்எம் இருக்காரா? காத்தாலை டவர்ல ஏறி இறங்கி ரிப்பேர் பார்க்கற பசங்க உங்க ஊர்லயே இருப்பாங்க, ஆடிக்காத்துல அந்த உசரத்துல போய் நிக்கறது சாதாரண விஷயமில்லீங்க. அப்படி யாருமே இல்லைன்னா அந்தப் பிரிவை இந்த வருஷம் விட்ருங்க. மூணு பேரு போதும்.

செங்கொடி வடசென்னை

தோழர், நாள் தேர்ந்தெடுத்தீங்க பாருங்க, அதுக்கே வாழ்த்து. இந்தியாவுலயே மொத மே தினம் கொண்டாடினது நம்ம சென்னையிலதான், 1923 மே 1. சிங்காரவேலர் ஏற்பாட்டுல ஐகோர்ட் பக்கத்து கடற்கரையில ஒரு கூட்டம், திருவல்லிக்கேணி கடற்கரையில ஒரு கூட்டம். அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே 1918ல சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சாச்சு, பின்னி மில் தொழிலாளர்களை வச்சு, வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு இவங்கல்லாம் சேர்ந்து. சிங்காரவேலருக்கு செலை இருக்கு, கலெக்டர் ஆபீசுக்கே அவர் பேரு இருக்கு, ஆனா அந்த வழியா தெனம் போறவங்கள்ல எத்தன பேருக்கு அவர் என்ன செஞ்சார்னு தெரியும்? பேர் வைக்கறதோட மரியாதை முடிஞ்சிடக் கூடாதுன்னுதான் இதச் சொல்றேன். உங்க மேடையில யார் பேசினாலும் அந்த அக்கா என்ன செஞ்சாங்கன்னு விவரமா சொல்லணும். கழிவுன்னு ஒதுக்கின பீடிக்கும் இலை, தூள் கணக்கு இவங்க தலையில விழும், கூலியும் கிடையாது, அத ஒரு பொம்பளை தனியா நின்னு கேக்கறதுக்கு எவ்ளோ தைரியம் வேணும், நாளைக்கே இலை குடுக்கமாட்டேன்னு சொல்லிட்டா அடுப்பு எரியாது. பாராட்டு மடல்ல 'சமூக சேவகி'ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிடாதீங்க.

இன்னொண்ணு. பீடிக்கு எண்ணிக்கை கூலி. ஆயிரம் சுத்தினாத்தான் காசு. மே 1 எல்லாருக்கும் சம்பளத்தோட லீவு, அவங்களுக்கு அன்னிக்கு முறத்த கீழ வச்சா அன்னிக்குக் கூலி போச்சு. காலையிலேர்ந்து உக்கார வச்சிட்டு மதியம் ஒரு ஷீல்டு கையில குடுத்து அனுப்பினா அவங்களுக்கு அது நஷ்டம் தோழர். ஒரு நாள் கூலிக்கு மேலயே ஒரு தொகைய கவர்ல போட்டு, மேடையில காட்டாம வீட்ல போய் குடுங்க.

அப்புறம் நாற்காலி. கேரளாவுல கோழிக்கோட்டுல விஜின்னு ஒரு தையல் தொழிலாளி, கடையில வேலை செய்ற பெண்களுக்கு உக்கார உரிமை வேணும்னு வருஷக்கணக்கா போராடினாங்க, 2018ல அந்த ஊர் அரசாங்கம் சட்டத்தையே திருத்துச்சு, நம்ம ஊர்லயும் 2021ல கடை ஊழியர்களுக்கு இருக்கை குடுக்கணும்னு திருத்தம் வந்துச்சு. உக்காரதுக்கே சட்டம் வேண்டியிருந்த நாட்டுல நாம மரியாதை செய்றவங்கள மேடைக்குக் கீழ நிக்க வச்சு பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மேடையில நாலே நாலு நாற்காலி, அது அவங்களுக்கு. தலைவர், மெம்பர், கட்சிக்காரங்க எல்லாரும் முன்வரிசையில உக்காரட்டும்.

வைகைக்கரை டீச்சர்

செங்கொடி தோழர் நாற்காலி பத்திச் சொன்னதப் படிச்சதும் மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்துல, பேரு வேண்டாம், தூய்மைப் பணியாளர் அம்மாவுக்குப் பாராட்டு விழான்னு வச்சாங்க. அன்னிக்குக் காலையில விழா மைதானத்தக் கூட்டி, கோலம் போட்டு, நாற்காலி தொடச்சதும் அதே அம்மாதான். வியர்வை காயறதுக்குள்ள கூப்பிட்டு சால்வை போட்டாங்க. விழா முடிஞ்சதும் சால்வைய மடிச்சு பைக்குள்ள வச்சிட்டு டீ கப்பு பொறுக்கப் போயிட்டாங்க. நாங்க யாரும் ஒரு வார்த்தை பேசல. அதனால கையெடுத்துக் கேட்டுக்கறேன், அன்னிக்கு ஒரு நாள் டேங்க் அண்ணாச்சியோட வேலைய மன்றத்துப் பசங்க செய்யுங்க. வால்வ நீங்க திறங்க, மேலத்தெரு ஏச்ச நீங்க வாங்குங்க. அத விடப் பெரிய பொன்னாடை எனக்குத் தெரிஞ்சு இல்ல.

எங்க மதுரைப் பக்கம் ரெண்டு பேரச் சொல்லணும். 2024 ஜனவரியில கொடிக்குளம் ஆயி அம்மாள் என்கிற பூரணம், பேங்க்ல வேலை பார்க்கறவங்க, ஊர் நடுநிலைப்பள்ளிய உயர்நிலைப்பள்ளி ஆக்கறதுக்கு 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்த அப்படியே எழுதிக் குடுத்தாங்க. கோடிக்கணக்குல மதிப்பு. இறந்து போன தன் மகள் பேர பள்ளிக்கூடத்துக்கு வச்சாப் போதும்னு மட்டும் கேட்டாங்க. அந்த வருஷம் குடியரசு தினத்துல முதலமைச்சர் சிறப்பு விருது குடுத்தாரு. அரசாங்கம் மாசக்கணக்கா ஃபைல் நகத்தாம அந்த மாசமே செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, வயசான பிறகு தேடிப் பிடிச்சுக் குடுக்கறத விட இது எவ்வளவோ மேல்.

இன்னொருத்தங்க சின்னப்பிள்ளை அம்மா. களஞ்சியம் மகளிர் குழுக்கள வளர்த்தவங்க, கூலி வேலை செஞ்ச பெண்கள கந்துவட்டியில இருந்து மீட்டவங்க. விருது குடுக்கறப்ப பிரதமர் வாஜ்பாய் அவங்க கால்ல விழுந்தாரு, நாடே பார்த்துச்சு. 2019ல பத்மஸ்ரீ. ஆனா 2024ல அவங்களே வீடு கேட்டும் கிடைக்கலன்னு சொல்ற நிலைமை இருந்துச்சு, அது செய்தியான பிறகுதான் தமிழ்நாடு அரசு வீடு ஒதுக்குச்சு. தம்பி, உங்க நாலு பேருகிட்டயும் இப்பவே போய் உக்காந்து, உங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க. டேங்க் ஆபரேட்டருக்கு சம்பளம் மாசாமாசம் ஒழுங்கா வருதா? திண்ணையில பாடம் எடுக்கற பொண்ணுக்கு லைட்டும் கரும்பலகையும் இருக்கா? கிராம சபையிலதான நிக்கறீங்க, அத அங்கேயே தீர்மானமா போட்டுருங்க.

சாரல்காத்து

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கொங்குநாட்டான் அண்ணா சொன்னத மன்றத்துல வாசிச்சுக் காட்டினேன், கம்பெனிக் காசு வேண்டாம்னு முடிவாயிட்டு. எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் காத்தாலை டவர் ஏறுத வேலைக்குத்தான் போறான், இத்தன நாளா எங்க கூடவே கிரிக்கெட்ல பந்து போட்டுக்கிட்டு இருந்தவன், அவன யாருக்கும் தோணவே இல்ல. ஊர்ல சோலார் வைக்கணும்னு யார் கேட்டாலும் மானியத்துக்கு ஆன்லைன்ல விண்ணப்பம் போட்டுக் குடுக்கறதும் அவன்தான். நாலாவது நாற்காலி அவனுக்கு. மே 1 காலையில வால்வு திறக்க மூணு பேரு பேரு குடுத்திருக்கோம், அண்ணாச்சிகிட்ட சாவி வாங்கி ஒரு நாள் முன்னாடியே பழகணும். டீச்சரம்மா, தீர்மானம் எப்படிப் போடணும்னு கொஞ்சம் சொல்லுங்களேன்.

ஓய்வுபெற்ற எழுத்தர்

தம்பி, ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்றேன். அன்னிக்கு எழுந்து நின்னு கேட்டா தலைவர் அப்புறம் பாப்போம்பாரு. அதனால முன்கூட்டியே தலைவர்கிட்டயும் செயலர்கிட்டயும் எழுத்து மூலமா குடுத்து, கூட்டப் பொருள்ல சேர்க்கச் சொல்லுங்க, மனு நகல்ல கையெழுத்து வாங்கி வச்சுக்கங்க. ரெண்டு தீர்மானமா பிரிச்சுப் போடுங்க. ஒண்ணு பாராட்டு, நாலு பேர் பேரும் அவங்க செஞ்ச வேலையும் நாலு வரியில. இன்னொண்ணு கோரிக்கை, எந்தத் தெரு, என்ன வசதி, எந்த நிதியில கேக்கறீங்கன்னு தெளிவா. பொதுவா 'ஆவன செய்ய வேண்டும்'னு எழுதினா அது நோட்டோட போயிரும். தீர்மானப் புத்தகத்துல எழுதினத அங்கேயே சத்தமா வாசிக்கச் சொல்லி, அதுக்கப்புறம் ஜனங்க கையெழுத்துப் போடட்டும்.

அந்த பீடி அம்மாவப் பத்தி நீங்க எழுதற விவரத்த பத்திரமா வைங்க. மகளிர் தினத்துக்குத் தமிழக அரசு குடுக்கற ஔவையார் விருதுக்கு அனுப்பலாம். பத்ம விருதுக்கும் யார் வேணும்னாலும் ஆன்லைன்ல பரிந்துரைக்கலாம், அவங்க செஞ்ச பணியைப் பத்தி 800 வார்த்தைக்குள்ள எழுதணும், அவ்வளவுதான். பிஎஃப் வாங்கிக் குடுத்த குடும்பங்கள்ல ரெண்டு மூணு பேர்கிட்ட நடந்தத அவங்க வாயாலேயே கேட்டு, எந்த வருஷம், என்னென்ன பேப்பர் கேட்டாங்க, எங்கெல்லாம் அலைஞ்சாங்கன்னு எழுதிக்கங்க. மே 1க்கு முன்னாடி இத முடிச்சிட்டா மேடையில வாசிக்கவும் அதுவே ஆகும்.