ஐபிஎம் ஏடி கணினியின் சாவி இல்லை: பூட்டைச் சிதைக்காமல் திறக்க வழி தேவை

சிங்கப்பூர், தோ பாயோவிலிருந்து எழுதுகிறேன். 1984இல் அறிமுகமான ஐபிஎம் ஏடி, மாடல் 5170, மூன்று வாரங்களுக்கு முன் மாமா வழியாக என்னிடம் வந்தது. விசைப்பலகையை முடக்கிவைக்கும் முன்பக்கப் பூட்டு பூட்டிய நிலையிலேயே இருக்கிறது, சாவி தொலைந்துவிட்டது.

கணினியை இயக்கினால் நினைவகத்தை எண்ணி முடித்து, 302 என்ற எண்ணுடன் பூட்டு பூட்டியிருப்பதாக ஒரு வரியைக் காட்டி நின்றுவிடுகிறது. வேறொரு ஏடி விசைப்பலகையை மாட்டியும் பயனில்லை. மதர்போர்டில் பூட்டுக்கான ஐந்து பின் இணைப்பை உருவினால் விசைப்பலகை உயிர்பெறும் என்பதை அறிவேன். ஆனால் ஆளில்லாத நேரத்தில் எவரும் உள்ளே கைவைக்கக் கூடாதென்று மேலுறையையும் அதே பூட்டோடு பிணைத்திருப்பதால் (நல்ல யோசனைதான், எனக்குத்தான் வினையாயிற்று), பின்பக்கத் திருகுகளை எல்லாம் கழற்றிய பிறகும் உறை நகர மறுக்கிறது.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் சாவிக்கடைக்காரர், குழாய் வடிவச் சாவிக்குத் தம்மிடம் வெற்றுச்சாவி இல்லை, துளையிட்டுவிடலாம் என்றார். நாற்பது ஆண்டுப் பூட்டின் முகத்தில் ஓட்டை போட எனக்கு மனமில்லை.

இவ்வகைப் பூட்டைச் சேதமின்றித் திறந்து புதுச் சாவி செய்துதரக்கூடியவர் சிங்கப்பூரிலோ ஜொகூர் பாருவிலோ இருப்பது உங்களில் யாருக்கேனும் தெரியுமா?