சிங்கப்பூரில் 18 பேர் சேர்ந்து சாப்பிட நல்ல இடம் எது?

ஈசூன்வாசி:
எங்களோடு 11 வருடம் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் அடுத்த மாதம் ஊருக்கே திரும்பிப் போகிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 18 பேர் சேர்ந்து சாப்பிட வேண்டும். 4 பேர் சைவம், 3 பேர் ஹலால் மட்டும், பாதிப் பேருக்குப் பீர் இல்லாமல் முடியாது. போன தடவை ஒரு பெரிய உணவகத்தில் நீள மேசை போட்டுக் கொடுத்தார்கள், இந்தக் கோடியில் இருந்தவருக்கு அந்தக் கோடியில் பேசியது எதுவுமே கேட்கவில்லை. இந்த முறை அப்படி ஆகக்கூடாது. தலைக்கு 35 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகலாம்.

காப்பிக்கடை ராஜா:
குடியிருப்புப் பேட்டைக் காப்பிக்கடையில் சீ சார் கடை (சொன்னதும் சுடச்சுடச் சமைத்துத் தரும் சீனச் சாப்பாட்டுக் கடை) ஒன்றைப் பிடியுங்கள். 10 பேர் உட்காரும் வட்ட மேசை 2 போட்டால் போதும், எல்லோரும் முகம் பார்த்துப் பேசலாம், தட்டுகள் நடுவில் வரும். முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள். நண்டு எடுப்பதாக இருந்தால் கிலோ என்ன விலை, எத்தனை கிலோ வரும் என்று சமைக்கும் முன்னாலேயே கேளுங்கள். நாங்கள் ஒரு இடத்தில் கேட்காமல் சொல்லிவிட்டு, பில் வந்ததும் பேச்சே வராமல் உட்கார்ந்திருந்தோம்.

தேக்கா அக்கா:
தம்பி சொல்வது சீனச் சாப்பாட்டுக்குச் சரி, ஆனால் ஹலால் ஆட்களை மறந்துவிட்டார். ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் பீர் கிடைக்காது, பீர் விற்கிற சீ சார் கடையில் அந்த 3 பேரும் வெறும் தண்ணீரோடு உட்கார வேண்டியதுதான். போகிறவரே அந்த மூவரில் ஒருவராக இருந்தால்? ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழை இலைச் சாப்பாடு நன்றாக இருக்கும், மீன் தலைக் கறியும் உண்டு. ஆனால் உணவகம் என்றால் 10% சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9% ஜிஎஸ்டி, 35 வெள்ளி எங்கேயோ போய்விடும்.

உங்கள் கூட்டத்துக்கு நகர மையத்தில் பல கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் லாவ் பா சாட் உணவு நிலையம்தான் என் பதில். ஒவ்வொருவரும் அவரவருக்குத் தோதான கடையில் வாங்கி வந்து ஒரே மேசையில் சாப்பிடலாம், உள்ளே இந்தியக் கடைகளும் இருக்கின்றன, ஹலால் வேண்டியவர்கள் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும். வார நாட்களில் இரவு 7 மணிக்குப் பக்கத்து பூன் டாட் தெருவில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு ரோட்டிலேயே மேசை போட்டு சாத்தே (குச்சியில் குத்திய இறைச்சித் துண்டுகள்) சுடுவார்கள், அந்தப் புகைக்குள் உட்கார்ந்து பேசுவதே தனி சுகம். 2 பேரை 6.30க்கே அனுப்பி டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிக்கச் சொல்லுங்கள். மழை வந்தால் உள்ளே ஓடிவிடலாம்.

காப்பிக்கடை ராஜா:
அக்கா சொல்வது நியாயம், ஹலாலை நான் யோசிக்கவில்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். முடிந்த பிறகு ஆற்றோரம் போய் இன்னொரு பீர் என்று யாராவது கிளம்புவார்கள், விடாதீர்கள். இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது, 2015 முதல் சட்டம்.

ஈசூன்வாசி:
அக்கா, சரியாகப் பிடித்தீர்கள், அண்ணன் அந்த மூவரில் ஒருவர்தான். லாவ் பா சாட் முடிவு. சாத்தேயை மட்டும் மொத்தமாக நான் வாங்கிவிட்டுப் பேநவ்வில் (போனிலேயே பணம் அனுப்பும் வசதி) பிரித்துக்கொள்கிறோம், அண்ணன் கணக்கை மட்டும் மற்ற 17 பேரும் சேர்ந்து ஏற்றுக்கொள்கிறோம். இடம் பிடிக்க 6.15க்கே நானே போய்விடுவேன்.