புதுப்பிப்பு: மாடிக்குக் கேபிள் இழுத்தாச்சு

முத்தியால்பேட்டை வீட்டு மாடியில் சாயங்காலமானால் ஸ்ட்ரீமர் (நெட்வொர்க் வழியாகப் பாட்டை வாங்கிப் பாடும் கருவி) விட்டு விட்டுப் பாடுகிறது, வைஃபையே போதுமா என்று கேட்டிருந்தேன். கேட்-6 நெட்வொர்க் கேபிள் போட்டதும் நாகசுவர ஆலாபனை அறுபடாமல் வருகிறது.

வேகம் பிரச்சினையே இல்லை. சிடி தரத்துக்கு நொடிக்கு 1.4 மெகாபிட் போதும். அதைவிட உயர்தரமான 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பதிவுக்குக்கூட 9.2தான். நெரிசல்தான் வில்லன். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் தெருவில் எல்லா ரவுட்டரும் அதிலேயே முட்டிக்கொள்கின்றன. வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸோ தளத்தைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடுகிறது.

கேபிளைக் கரண்ட் ஒயர் போகும் பைப்பில் விடவேண்டாம் என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னார். மாடிப்படி ஓரமாகத் தனி கேசிங் பட்டியில் விட்டோம்.

அப்புறம், ஒலித்தரம் கூடியதா என்றால், இல்லை. தடங்கலில்லாத வைஃபையிலும் இதே பிட்டுகள்தான். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ‘ஆடியோ’ நெட்வொர்க் கேபிளைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.