அக்காவின் தாடை

குழு: அம்மா பக்கத்து ஆட்கள்

சனி, காலை 7:42

அக்கா: (படம்)
அக்கா: பாருங்கள். எட்டு மாதம்தான் ஆகிறது, நைட் கார்டில் ஓட்டை விழுந்துவிட்டது.

அம்மா: ஐயோ, யாருடைய பல் இது?

அக்கா: பல் இல்லை அம்மா. இரவில் மாட்டிக்கொண்டு தூங்குகிற உறை. வலது கடைவாய்ப் பல் படும் இடத்தில் தேய்ந்தே போயிருக்கிறது. ஏற்கெனவே ஒரு பல்லில் விரிசல் விட்டு கிரவுன் போட்டாயிற்று.

பெரியம்மா: வயிற்றில் பூச்சி இருந்தால்தான் இப்படி நறநறவென்று கடிப்பார்கள். பூச்சி மருந்து ஒரு வேளை சாப்பிடு.

தம்பி: அம்மா, அக்காவுக்கு 41 வயது.

பெரியம்மா: பூச்சிக்கு வயது தெரியுமா? நீயும் சின்ன வயதில் கடித்தாய். மருந்து கொடுத்தேன், நின்றது.

தம்பி: கொடுக்காவிட்டாலும் நின்றிருக்கும். குழந்தைகள் நிறைய பேர் கடிப்பார்கள், வளர வளரத் தானாகப் போய்விடும்.

பெரியம்மா: இவனைப் பல் டாக்டருக்குப் படிக்க வைத்தது என் தப்பு.

பெரியப்பா: எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. என் பல் செட் இரவில் டம்ளரில் தனியாகத் தூங்குகிறது.

அக்கா: சிரிக்க வைக்காதீர்கள் பெரியப்பா, வாயைத் திறந்தாலே காதோரம் டொக் என்கிறது. காலையில் எழுந்தால் நெற்றிப்பொட்டு இரண்டும் இடிக்கிறது. கொட்டாவியைக்கூடப் பாதியில் நிறுத்த வேண்டியிருக்கிறது. நேற்று டாக்டர், தாடைத் தசையில் போடாக்ஸ் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அம்மா: போடாக்ஸா? நடிகைகள் முகச் சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்வார்களே, அதுவா?

பெரியப்பா: அது விஷம் ஆயிற்றே.

நான்: சித்தி ‘டைப் செய்கிறார்’ என்று பத்து நிமிடமாகக் காட்டுகிறது. சித்தி, வந்துவிடுங்கள்.

சித்தி: சரி, சொல்லிவிடுகிறேன். நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு தடவை.

அம்மா: என்னது!

சித்தி: போன வருடம் எல்லோரும் என்னைப் பார்த்து “முகம் ஒட்டிப்போய்விட்டதே, சர்க்கரையா” என்று விசாரித்தீர்களே. சர்க்கரையும் இல்லை, கவலையும் இல்லை. தாடைத் தசை வற்றியதுதான் காரணம்.

அம்மா: கூடப் பிறந்தவளிடம்கூடச் சொல்லவில்லை பார்.

சித்தி: சொன்னால் “இந்த வயதில் அழகுக்கு ஊசியா” என்று கேட்டிருப்பாய். கேட்டிருப்பாயா, மாட்டாயா?

அம்மா: கேட்டிருப்பேன்.

அக்கா: சித்தி, முழுதாகச் சொல்லுங்கள். வலித்ததா?

சித்தி: ஊசி பெரிய விஷயமே இல்லை. நாற்காலியில் உட்கார வைத்து “பல்லை இறுகக் கடியுங்கள்” என்றார். எலுமிச்சை அளவுக்குக் கன்னத்தில் தசை முட்டிக்கொண்டு வந்தது. காது ஓரத்திலிருந்து வாய் ஓரம் வரை வெள்ளைப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு மேலே ஊசி போகக் கூடாதாம். கோட்டுக்குக் கீழே பக்கத்துக்கு மூன்று புள்ளி வைத்தார். மெல்லிய ஊசி, எறும்பு கடித்த மாதிரி. அன்று முழுக்கக் கன்னத்தைத் தேய்க்காதீர்கள், சில மணி நேரம் படுக்காதீர்கள் என்றார். அவ்வளவுதான்.

அக்கா: உடனே வலி போய்விட்டதா?

சித்தி: ஒன்றும் ஆகவில்லை. முதல் வாரம் முழுக்க ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் கைப்பையில் தலைவலி மாத்திரை அட்டை அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் வலி போன விஷயமே எனக்குத் தெரிந்தது. ஆனால் கெட்டியாக எதையும் மெல்ல முடியவில்லை. பாதி சாப்பிடுவதற்குள் தாடை களைத்துவிடும். அது மூன்று நான்கு வாரம் இருந்தது.

நான்: இரண்டாவது தடவை?

சித்தி: அதுதான் சோகம். வேறு டாக்டரிடம் போட்டேன். இடது வாய் ஓரம் ஆறு வாரம் மேலே எழும்பவே இல்லை. அப்போது எடுத்த போட்டோவில் எல்லாம் யாரையோ கேலி செய்கிற மாதிரி நிற்கிறேன்.

அம்மா: நான் என்மேல் கோபம் என்றல்லவா நினைத்தேன்! ஒரு மாதம் உனக்கு போன் செய்யவில்லையே.

சித்தி: எனக்குத் தெரியும் அக்கா.

தம்பி: சிரிப்பதற்கான தசை ஒன்று பக்கத்திலேயே, மேலாக ஓடுகிறது. மருந்து கொஞ்சம் முன்பக்கமாகப் போனால் அதுவும் அசந்துவிடும். நல்லவேளையாக நிரந்தரம் இல்லை. ஆனால் ஊசி போடுகிறவருக்குக் கன்னத்தின் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா: சித்தி, கடிப்பது நின்றதா? அதைச் சொல்லுங்கள்.

சித்தி: நிற்கவில்லை. இன்னும் சத்தம் வருகிறது என்கிறார் உன் சித்தப்பா. முன்பு கல் அரைக்கிற மாதிரி இருந்ததாம், இப்போது எலி சுரண்டுகிற மாதிரி.

தம்பி: இதைத்தான் சொல்ல நினைத்தேன். “கடி” என்று உத்தரவு போடுவது மூளை. இந்த மருந்து மூளைப் பக்கமே போகாது. நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளியே வராமல் தடுக்கிறது, அதனால் உத்தரவு தசைக்குச் சரியாகப் போய்ச் சேராது. முதலாளி கத்திக்கொண்டேதான் இருப்பார், வேலைக்காரன் காதில் பஞ்சு வைத்துவிடுகிறோம். மூன்று நான்கு மாதத்தில் பஞ்சு விழுந்துவிடும், மறுபடி போட வேண்டும்.

பெரியப்பா: விஷமா இல்லையா, அதற்கு பதில் வரவில்லை.

தம்பி: விஷம்தான் பெரியவரே. குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்குவது. லத்தீனில் பொட்டுலஸ் என்றால் சாசேஜ். கெட்டுப்போன சாசேஜ் தின்று கைகால் விழுந்து இறந்தவர்களைப் பற்றி 1820களில் ஜஸ்டினஸ் கெர்னர் என்ற ஜெர்மன் டாக்டர் எழுதினார். இதையே மருந்தாக்கலாம் என்று அப்போதே ஊகித்தவரும் அவர்தான். பிறகு ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் டாக்டர் மாறுகண்ணுக்குப் பயன்படுத்திக் காட்டினார். 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான். சுருக்கத்துக்கு 2002இல்தான். அழகு கடைசியில் வந்து பேரை வாங்கிக்கொண்டது.

பெரியப்பா: அப்பாவை ‘பெரியவரே’ என்பதா? ஆனால் தகவல் நன்றாக இருக்கிறது.

அக்கா: பல் கடிப்பதற்கு அனுமதி உண்டா?

தம்பி: தனியாக இல்லை. ஆஃப் லேபல் என்பார்கள். வேறு நோய்க்கு அனுமதி பெற்ற மருந்தை டாக்டர் தன் பொறுப்பில் இதற்குப் போடுகிறார். தப்பில்லை, உலகம் முழுக்க நடக்கிறது. பக்கத்துக்கு 20, 30 யூனிட் வரை போடுவது வழக்கம். ஆனால் ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் ஒன்றில்லை, எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதே. கர்ப்பிணிகளுக்கும், மயஸ்தீனியா கிராவிஸ் மாதிரி நரம்பும் தசையும் சேரும் இடத்தில் கோளாறு உள்ளவர்களுக்கும் கூடாது.

நான்: வருடக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தால்?

தம்பி: அங்கேதான் எனக்குத் தயக்கம். தசை இழுத்தால்தான் எலும்புக்கு வேலை. விலங்குச் சோதனைகளில் தாடை எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறது. மனிதர்களில் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. அடிக்கடி போட்டால் உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி மருந்து வேலை செய்யாமலும் போகலாம்.

தம்பி: எல்லோரும் ஒரு நிமிடம். இதைப் படிக்கும்போது உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா?

நான்: ஆமாம்!
அம்மா: ஆமாம்டா.
சித்தி: ஐயோ ஆமாம்.
பெரியப்பா: டம்ளரில் போய்ப் பார்க்கிறேன்.

தம்பி: தொடக் கூடாது. சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், பற்களுக்கு நடுவே இடைவெளி வேண்டும். பகலில் கடிப்பவர்களுக்கு இது ஒன்றே பாதி வைத்தியம். அக்கா, புதிதாக மாத்திரை ஏதாவது? மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் மாதிரி? சிலருக்கு அதனாலும் வரும்.

அக்கா: ஒன்றும் இல்லை. காபி உண்டு, ஆபீஸ் உண்டு, உன் அத்தான் உண்டு.

அத்தான்: குழுவில் நானும் இருக்கிறேன்.

அம்மா: மாப்பிள்ளை, நீங்கள் சொல்லுங்கள், இரவில் எப்படிக் கடிக்கிறாள்?

அத்தான்: பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறேன் அத்தை. இன்று பதிவு செய்து போடுகிறேன், நீங்களே கேளுங்கள்.

அக்கா: போட்டால் தெரியும்.

ஞாயிறு, காலை 6:55

அத்தான்: (ஆடியோ 1:48)
அத்தான்: அதிகாலை 3:20க்கு எடுத்தது.

அம்மா: கடவுளே, இவ்வளவு குறட்டையா?

அக்கா: நான் குறட்டை விடுவதில்லை.

நான்: அக்கா, விடுகிறாய்.

தம்பி: அத்தான், 0:31இலிருந்து 0:54 வரை சத்தமே இல்லையே. போனை மூடிவிட்டீர்களா?

அத்தான்: இல்லை. அப்படித்தான் நடுவில் அமைதியாகிவிடுவாள். அப்புறம் மூச்சைப் பெரிதாக இழுப்பாள், உடனே நறநற. எனக்குப் பழகிவிட்டது.

தம்பி: 23 விநாடி. மறுபடி கேளுங்கள் எல்லோரும். குறட்டை, அமைதி, திணறல், கடி. 1:20இல் மறுபடி அதே வரிசை.

பெரியம்மா: மூச்சு நிற்கிறதா? என்னடா சொல்கிறாய்?

தம்பி: பயப்பட வேண்டாம் அம்மா. தூக்கத்தில் தொண்டை அடைத்து 10 விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் ஸ்லீப் அப்னியா என்று சந்தேகப்படுவோம். மூளை சட்டென்று லேசாக விழிக்கும், நமக்குத் தெரியாது. அந்த நேரத்தில் தாடைத் தசையும் துடிக்கலாம். எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் இரண்டும் சேர்ந்து வருவது உண்டு. காலைத் தலைவலிக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

அக்கா: அப்படியானால் ஊசி?

தம்பி: ஊசி போட்டால் சத்தம் குறையும், வலி குறையும். மூச்சு நிற்பது அப்படியே இருக்கும், கடிக்கிற சத்தம் இல்லாததால் யாரும் கவனிக்கவும் மாட்டோம். முதலில் ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சை அளந்து பார்க்கும் சோதனை. பிறகு தாடை.

சித்தி: என்னிடம் யாருமே குறட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. இன்று உன் சித்தப்பாவைப் பதிவு செய்யச் சொல்கிறேன்.

ஏழு வாரம் கழித்து, செவ்வாய், இரவு 9:10

அக்கா: ரிப்போர்ட் முன்பே வந்தது, பழகிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். மணிக்கு 22 தடவை மூச்சு தடைப்பட்டிருக்கிறது. நடுத்தரம் என்றார்கள். தூங்கும்போது தொண்டை அடைக்காமல் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும் சிபேப் மெஷின் மாட்டிக்கொண்டு ஒரு மாதம் ஆகிறது.

அம்மா: இப்போது எப்படி இருக்கிறது?

அக்கா: காலைத் தலைவலி கிட்டத்தட்ட இல்லை. புது நைட் கார்டில் இதுவரை ஒரு கீறல்தான். ஆனால் தாடை முழுதாகச் சரியாகவில்லை. சாயங்காலம் இறுகிக்கொள்கிறது. கம்ப்யூட்டர் ஓரத்தில் “பல்!” என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பார்க்கிறபோதெல்லாம் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தம்பி: அது பகல் கணக்கு, அதற்கு மெஷின் உதவாது. தாடைப் பயிற்சியை விடாதே. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ஊசியைக் குறைந்த அளவில் யோசிக்கலாம். இப்போது எதற்குப் போடுகிறோம் என்றாவது தெரிந்து போடுவோம்.

சித்தி: போட்டால் என் முதல் டாக்டரிடம் போ. இரண்டாவது ஆளிடம் வேண்டாம்.

அத்தான்: (ஆடியோ 2:05)
அத்தான்: நேற்று இரவு எடுத்தது. மெஷின் சத்தம் மட்டும்தான், அவ்வளவு அமைதி.

பெரியப்பா: 1:12இல் நறநறவென்று ஏதோ கேட்கிறதே?

அக்கா: நானும் கேட்டேன். அது நான் இல்லை.

அத்தான்: அது நான்தான் மாமா.